சுவரில் இரண்டாவது ஆணி

தூறல் விட்டதும் காபியைக்கூட மறந்துவிட்டு வேலியோரத்து சிடார் மரத்திடம் ஓடுவாள் வெர்னா. கிளைகளில் காய்போலத் தொங்கும் பழுப்பு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள். ஆரஞ்சு நிறக் கூழ் பிதுங்கியிருந்தால், "வந்துட்டியா மகராசா?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்பாள். அந்தக் கூழிலிருந்து காற்றில் கிளம்பும் தூள்தான் அவளுடைய ஆப்பிள் இலைகளில் துரு நோயாக இறங்கும்.

ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் அவளைவிடச் சத்தமாக மருந்தடிப்பவர் இல்லை. முகமூடிக்குள்ளேயே பாடுவாள். மொட்டு சிவக்கும்போது தொடங்கி, இதழ் உதிர்ந்த பிறகும் சில வாரம் விடமாட்டாள். "மழைக்கு முன்னாடி அடிச்சா மருந்து, பின்னாடி அடிச்சா ஒப்பாரி" என்பது அவள் வேதம். போன வருடம் ஒரே ஒரு மழைக்குப் பிந்திவிட்டாள். இலையெல்லாம் மஞ்சள் புள்ளி, பிஞ்செல்லாம் தரையில். இந்த வருடமும் அப்படியானால் தோட்டத்தை விற்றுவிட்டு நகரத்திலிருக்கும் மகளிடம் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

சிடார் மரம் பக்கத்து வீட்டு டெல்மருடையது. பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பு. மறைந்த மனைவி ஓப்பல் நட்ட மரம் என்பதால் அதன்மேல் கத்திகூடப் படவிடமாட்டான்.

மொட்டு சிவந்த நாளில் விடியலிலிருந்தே பேய்க்காற்று. மருந்தடிக்க வழியில்லை. மதியம் காற்று அடங்கியபோது மலைமேல் கருமேகம் திரண்டுவிட்டது. வெர்னா டிராக்டரைக் கிளப்ப ஓடினாள். எதிரே ரம்பத்தோடு டெல்மர், கண் கலங்கி நின்றான்.

"வெட்டிடறேன் வெர்னா. நீ ஊரைவிட்டுப் போகாத."

"அட கூறுகெட்டவனே! மலை முழுக்க சிடாரு. இந்த ஒண்ண வெட்டி என்னத்தக் கிழிக்கப்போற? ஓப்பல் என் கனவுல வந்து உதைப்பா. ரம்பத்தக் கீழ போடு, குழாயப் பிடி!"

"எனக்கு மருந்து வாசனை ஆகாதே..."

"பொண்ணு பார்க்கவா கூப்பிட்டேன்? மூக்க மூடு!"

தன்னிடமிருந்த மாற்று முகமூடியை அவளே அவன் தலையில் மாட்டி இறுக்கினாள். சமவெளியை டிராக்டரில் அவள் முடிக்க, வண்டி ஏறாத சரிவு மரங்களைக் கைக்குழாயால் அவன் நனைத்தான். இலைகளில் மருந்து காய்ந்து முடிய, மழை கொட்டியது.

ஜூன் மாதத்தில் வெர்னா ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள். பச்சை. பச்சைக்கு மேல் பச்சை. வேலிக்கு அப்பாலிருந்து டெல்மர் கூவினான்: "என்ன, பெட்டி கட்டறியா?"

அவள் சுத்தியலை எடுத்தாள். கொட்டகைக்குள் போய், தன் முகமூடி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து, டெல்மர் போட்டிருந்த மாற்று முகமூடியை அதில் மாட்டினாள்.