கெட்டிஸ்பர்க் கோட்டில் நான் அடைத்த இரண்டு ஓட்டைகள்

மிஸ்டர் வாரன் கோட்டின் இடது கையை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். உள்பக்கத்தை வெளியே இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஓட்டை எங்கே?" என்று கேட்டார்.

"ரெண்டையும் அடைச்சுட்டேன் சார். சார்ஜ் கிடையாது. ஃப்ரீ" என்றேன் சிரித்துக்கொண்டே.

இத்தனை வருட வேலையில் நான் இவ்வளவு பெருமையாகச் சொல்லி, இவ்வளவு மோசமாகப் போன பேச்சு வேறு கிடையாது.

குழந்தைகளே, தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு ஒவ்வொரு அப்பாவும் தன் வேலையைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்றார்கள். உங்கள் அப்பாக்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பற்றி எழுதுவார்கள். நான் பத்தாவது வரை படித்த தையல்காரன். அமெரிக்க வரலாறு எனக்குப் புத்தகத்தில் வரவில்லை, ஹேங்கரில் மாட்டிக்கொண்டு வந்தது. அதனால் அந்தக் கோட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

கடையும் அதன் பழக்கமும்

என் மனைவி சாந்தி நர்ஸ். அவளுடைய வேலையில் கிரீன் கார்டு கிடைத்து, அதன் வழியாகத்தான் நானும் நியூ ஜெர்சிக்கு வந்தேன். அது தொண்ணூறுகளின் தொடக்கம். மான்மவுத் ஜங்ஷனில் அப்பார்ட்மென்ட். ரூட் ஒன் நெடுஞ்சாலைப் பக்கத்தில் ஒரு பிளாசாவில் டிரை கிளீனிங் கடை. அங்கே ஆல்டரேஷன் டெய்லர் வேலை கிடைத்தது. முதலாளி மிஸ்டர் யூன், கொரியாக்காரர். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு முழு இங்கிலீஷ் தேறாது. ஆனாலும் எங்களுக்குள் எல்லாம் புரிந்தது. அவரும் கஸ்டமர்களும் பேசியதையெல்லாம் என் காதில் விழுந்த மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டில் நான் பன்னிரண்டு வருடம் தைத்த கடையில் ஒரு பழக்கம் உண்டு. பேன்ட்டை நீளம் குறைக்கக் கொடுத்திருப்பார்கள். பாக்கெட் கிழிந்திருக்கும். கேட்காமலே அதையும் தைத்துத்தான் கொடுப்போம். கிழிசலோடு ஒரு துணி கடைப்படி இறங்கினால் எங்களுக்குக் கேவலம். அந்தப் பழக்கத்தை நான் அப்படியே விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். இங்கேயும் கஸ்டமர்கள் சந்தோஷப்பட்டார்கள். மிஸ்டர் யூன் மட்டும் துணியில் குத்திய வேலைச் சீட்டைக் காட்டி, "செல்வா, டிக்கெட்ல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய்" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு என் வழியில் போவேன்.

டிக்கெட்டில் எழுதியது

மிஸ்டர் வாரன் ஹைஸ்கூலில் வரலாறு சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர். மே மாதக் கடைசியில், போரில் இறந்த வீரர்கள் நினைவாக மெமோரியல் டே பரேட் வரும் அல்லவா? அதில் நடக்கும் பையன்களுக்குச் சிவில் வார் என்கிற அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்துக் கோட் மாதிரியே பன்னிரண்டு கோட் வேண்டும் என்று வந்தார். மாதிரிக்கு ஒரு நிஜக் கோட்டைக் கொண்டுவந்தார். கருநீலக் கம்பளித் துணி, நான்கு பித்தளைப் பட்டன். ஒரு வாரம் கடையில் இருக்கும். அதன் பிறகு ஊர் லைப்ரரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். மிஸ்டர் யூன் டிக்கெட்டில் "பேட்டர்ன் மட்டும்" என்று எழுதி ஊக்கில் குத்தினார்.

நான் அளவெடுத்தேன், பேப்பரில் பேட்டர்ன் வெட்டினேன். அப்போதுதான் இடது கையில், முழங்கைக்கு மேலே, இரண்டு ஓட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு டைம், அதாவது பத்து சென்ட் காசு அளவு. பூச்சி அரித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். லைப்ரரியில் ஊரே பார்க்கப் போகிற கோட், இப்படியா போய் நிற்பது?

டார்னிங் என்பது பொறுமையான வேலை. கோட்டின் அடிமடிப்பில் வெளியே தெரியாத துணியிலிருந்து இழை இழையாக உருவ வேண்டும். அந்த இழையையே ஊசியில் கோத்து, ஓட்டைக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்ன வேண்டும். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அதற்கே போனது. முடித்துவிட்டு நானே கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். எங்கே ஓட்டை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அதைத்தான் மிஸ்டர் வாரனிடம் ஃப்ரீ என்றேன்.

அவர் கத்தவில்லை. கஸ்டமர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கோட் மடியில் இருந்தது. "என் கொள்ளுத் தாத்தாவோட கோட் இது. கெட்டிஸ்பர்க் சண்டையில போட்டிருந்தார்" என்றார். "என் கொள்ளுப் பாட்டி எத்தனையோ தடவை தைச்சுத் தர்றேன்னு கேட்டாங்க. கடைசிவரைக்கும் அவர் விடவே இல்ல."

மிஸ்டர் யூன் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "துணியை வெட்டினியா?" என்றார்.

நல்ல கேள்வி. வழக்கமாக ஓட்டையின் ஓரத்தில் இருக்கும் பிசிறை வெட்டிவிட்டுத்தான் டார்னிங் தொடங்குவோம். வெட்டியிருந்தால் ஜென்மத்துக்கும் பழைய ஓட்டை திரும்ப வராது. இது ரொம்பப் பழைய துணி, கத்திரி பட்டால் விரியுமோ என்று பயந்து, பிசிறை உள்ளே மடித்துவிட்டுப் பின்னியிருந்தேன்.

"வெட்டல. பிரிச்சுடலாம்" என்றேன்.

"நாளைக்குக் காலைல வர்றேன். நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மிஸ்டர் வாரன் போய்விட்டார். மிஸ்டர் யூன் கோட்டை எடுத்து உள்ளே பூட்டினார். "இது சரியாகலைன்னா பன்னிரண்டு கோட்டும் போச்சு. நீயும் வேற கடை பார்த்துக்கோ" என்றார்.

சாந்தி கேட்ட கேள்வி

அப்போது சாந்திக்கு ஆறாவது மாதம். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன்.

"ஏனுங்க, கேக்காம எதுக்குங்க அதைத் தொட்டீங்க?"

"நல்லதுக்குத்தான பண்ணுனேன்?"

"எங்க வார்டுக்கு ஒருத்தர் காயத்தோட வந்தா, நாங்க முதல்ல என்ன கேப்போம்? இது எப்படி ஆச்சுன்னுதானுங்க கேப்போம். அப்புறந்தான் மருந்து. நீங்க ஊசியும் கையுமா நேரா போயி உக்காந்துட்டீங்க. நல்லவேளை, நீங்க நர்ஸாகல."

எனக்குக் கோபம் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

நூலைப் பிரித்த காலை

மிஸ்டர் வாரன் கடை திறக்கும் முன்பே வந்து வெளியே நின்றிருந்தார். நான் ஜன்னல் ஓரமாக மேசையைப் போட்டு, லென்ஸும் சின்ன இடுக்கியும் எடுத்துவைத்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார். முதல் இழையைத் தொடும் முன், "சார், இந்த ஓட்டை எப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க பிரிங்க. நான் சொல்றேன்."

அவருடைய கொள்ளுத் தாத்தா பண்ணையில் வளர்ந்த பையன். அப்போது பத்தொன்பது வயது. குண்டு அவர் கோட்டின் கைக்குள் நுழைந்து, தோலைக்கூடத் தொடாமல், பின்பக்கமாக வெளியேறிவிட்டது. அதனால்தான் இரண்டு ஓட்டை. அவருக்குப் பின்னால் நின்றிருந்தவன் ஈத்தன். அடுத்த பண்ணைக்காரப் பையன், சேர்ந்தே பட்டாளத்தில் சேர்ந்தவன். குண்டு அவன் மேல் பாய்ந்துவிட்டது.

"என் குடும்பம் பூரா இந்த ஓட்டை வழியாத்தான் வந்தது" என்றார் மிஸ்டர் வாரன். "ஈத்தன் குடும்பம் இங்கேயே நின்னுபோச்சு. அதனாலதான் அவர் தைக்க விடல."

இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். என் இழையும் கோட்டின் இழையும் ஒரே துணி, ஒரே நிறம். முதல் நாள் எனக்குப் பெருமையாக இருந்ததே இப்போது என் கழுத்தைப் பிடித்தது. ஒரு இழையை உருவ ஐந்து நிமிடம்கூட ஆனது. நான் திணறுவதைப் பார்த்தாரோ என்னவோ, வாத்தியார் கிளாஸ் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

"இங்கேருந்து ட்ரென்டன் எவ்வளவு தூரம்?"

"கார்ல அரை மணி நேரம் சார்."

"அந்த ட்ரென்டனுக்கு, சுதந்திரப் போர் சமயத்துல ஒரு டிசம்பர் மாசம், நிறைய பேர் கால்ல நல்ல ஷூகூட இல்லாம, ஐஸ் மிதக்கிற ஆத்தைத் தாண்டிப் போய்ச் சண்டை போட்டாங்க. அதுல தோத்திருந்தா இந்த நாடு தொடங்காமலே போயிருக்கலாம். கெட்டிஸ்பர்க்ல தோத்திருந்தா ரெண்டு நாடா உடைஞ்சிருக்கலாம். ஒண்ணுல மனுஷனை மனுஷன் சந்தையில வித்துக்கிட்டே இருந்திருப்பான். ஆனா சண்டையில ஜெயிச்சா மட்டும் போதாது செல்வம். ஜெயிச்ச பிறகு என்ன எழுதி வைக்கிறோம்கிறதுதான் முக்கியம். உங்க வீட்ல குழந்தை வரப்போகுதாமே?"

"ஆகஸ்ட்ல சார்."

"அது பொறந்த நிமிஷமே அமெரிக்கன். ஏன் தெரியுமா?"

"ஹாஸ்பிடல்ல சர்டிபிகேட் குடுப்பாங்க சார்."

அன்று அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "சர்டிபிகேட் சரி. அதுக்கு முன்னாடி ஒரு சட்டம் இருக்கு. அடிமையா இருந்தவங்களையும் அவங்க குழந்தைகளையும் நீ இந்த நாட்டுக்காரன் இல்லைன்னு யாரும் தள்ளிவிடக் கூடாதுன்னு, அந்தப் போர் முடிஞ்ச பிறகு அரசியல் சட்டத்துல எழுதினாங்க. இங்கே பொறந்தவங்க இந்த நாட்டுக் குடிமக்கள்னு. அதை எழுத வச்சது அந்தப் போர். உங்க குழந்தையும் அந்தச் சட்டத்துக்குள்ளதான் பொறக்கப் போகுது."

அதுவரை அது அவர் வீட்டுக் கோட் என்றுதான் நினைத்திருந்தேன். இனிமேல் வரப்போகிற என் குழந்தைக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. யாரோ ஈத்தன். பெயரைக் கேட்டே அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவனுக்கு நான் என்ன திருப்பிச் செய்ய முடியும்? அவனுடைய ஓட்டையை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கலாம். அவ்வளவுதான். அடுத்த இழையை இடுக்கியால் பிடித்தேன்.

மதியம் ஒரு மணிக்குக் கடைசி இழை வந்தது. மடித்திருந்த பிசிறை லேசாக நீவி வெளியே எடுத்துவிட்டேன். இரண்டு ஓட்டையும் வந்த மாதிரியே இருந்தன. மிஸ்டர் வாரன் சுண்டுவிரலை ஒன்றில் நுழைத்து மற்றதில் எடுத்தார். கண் கலங்கியிருந்தது. கதவு வரை போனவர் திரும்பி, "அந்தப் பன்னிரண்டு கோட்லயும் ஓட்டை போட்டு வச்சுடாதீங்க" என்றார்.

வேலை தப்பித்தது என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

மிஸ்டர் யூன் கொண்டுவந்த பை

அடுத்த திங்கட்கிழமை மிஸ்டர் யூன் ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு சின்னப் பையன் போடுகிற கோட். பச்சைப் போர்வைத் துணியில் கையால் தைத்தது. கொரியப் போரில் ஒரு அமெரிக்க சோல்ஜர் கொடுத்த போர்வையை வெட்டி அவருடைய அம்மா தைத்தாராம். அதைப் போட்டுக்கொண்டுதான் அந்தக் குளிரில் தப்பித்தேன் என்றார். லைனிங் நைந்து தொங்கியது. முழங்கையில் தீ பட்ட ஓட்டை ஒன்று.

நான் ஊசியை எடுக்கவில்லை. "இது எப்படி ஆச்சு மிஸ்டர் யூன்?" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அது அவருடைய கதை, இங்கே எழுத மாட்டேன். சொல்லி முடித்ததும் டிக்கெட்டில் அவரே எழுதினார்: "லைனிங் மட்டும்." லைனிங் மட்டும் மாற்றினேன்.

அந்தக் கேள்வியை அன்றிலிருந்து நான் விடவில்லை. வியட்நாம் போய் வந்தவர் ஜாக்கெட்டை நீட்டும்போதும் கேட்கிறேன், வளைகுடாப் போருக்குப் போய் வந்த பெண் யூனிஃபார்மைத் தளர்த்தக் கொடுக்கும்போதும் கேட்கிறேன். சிலர் சொல்வார்கள். சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். இரண்டுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் எழுதுகிறேன். நீங்களும் எந்த வேலைக்குப் போனாலும், சரிசெய்யும் முன் கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இது ஒன்றுதான்.

என் மகள் கவிதா அந்த ஆகஸ்ட்டிலேயே பிறந்தாள். அவளுக்கு ஐந்து வயதானபோது மெமோரியல் டே அன்று லைப்ரரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். எல்லாரும் கேட்கும்படி இங்கிலீஷில் கத்தினாள்:

"அப்பா, லுக், ஹோல்ஸ்! யூ கேன் ஃபிக்ஸ் தட், ரைட்?"

"முடியும் கண்ணு," என்றேன். "ஒரு தடவை பண்ணினேன்."