தாத்தாவின் வீரமரணம்

உலகப்போரில் தாத்தா என்ன கிழித்தார் என்று முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டரில் போட வேண்டுமாம். விசாரித்து வரச்சொல்லி சித்தப்பா என்னைப் பெரம்பலூருக்கு விரட்டினார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருந்தார். முறுக்கு மீசை. டீ கிளாஸுக்கும் ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் குடிப்பார்.

தாத்தாவின் போட்டோவைக் காட்டினேன்.

"இவரா! பர்மா சண்டையில என் மடியிலதான் தம்பி உயிர விட்டாரு."

"போன வருஷம்தாங்க குரும்பலூர்ல, வூட்டுக் கட்டில்ல செத்தாரு."

அவர் அசரவே இல்லை. "பொழச்சுட்டாரா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!"

சித்தப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 'பர்மா போரில் வீரமரணம் எய்திய' என்று போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டிவிட்டார்.

அதன்முன் விறைத்து நின்று சல்யூட் அடித்த மீசைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். தாத்தா கட்டிலில் செத்த அன்று எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட அப்படி அழவில்லை.