டிராகன் குலத்து மணப்பெண் உடுப்பில் சவுரியம்மாள்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில் சவுரியம்மாளுக்கு முப்பத்தேழு என்றுதான் பெயர். அது வயசு அல்ல. வயசு நாற்பத்தொன்று ஆகிறது. பெண்கள் செருப்பில் முப்பத்தேழாம் நம்பர் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு அவள் பாதம், ஆண்டவர் அச்சு வைத்து வார்த்ததுபோல, இம்மியும் பிசகாமல் பொருந்தும். புதிதாக எந்த மாதிரி தைத்தாலும் அவள் காலில் போட்டு நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இருபது வருஷமாக இதே கதை.

அவள் வயிற்றில் மகன் ஜோசுவா இருந்தபோது கால் லேசாக வீங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலை நம்பித் தைத்த ஒரு லோடு முழுக்கத் தொளதொளவென்று ஆகித் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவள் காலைக் கம்பெனியே பார்த்துக்கொண்டது. உப்பு கம்மியாகச் சாப்பிடு என்றார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகாதே என்றார்கள். கையால் தைப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது, ஆனாலும் லைன் சூப்பர்வைசர் வேலை காலியானபோது அது வேறு பெண்ணுக்குப் போயிற்று. உன் கால் இல்லாமல் சாம்பிள் ரூம் எப்படி ஓடும் என்று கேட்டார்கள். 

வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். புருஷன் சாமுவேல் ஹைவேயில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு நாலு வயசு. அவள் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டாள். இப்போது மாமியார் படுத்த படுக்கை. நாத்தனார் மேகலா, கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து ஆறே மாசத்தில் திரும்பி வந்தவள், இதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். மேகலா கெட்டவள் இல்லை. காலையில் அண்ணியோடு வருவாள், சாயங்காலம் அண்ணியோடு போவாள், பூசையில் அண்ணி பக்கத்தில் முழங்கால் போடுவாள். போன் அடித்தால் யாரு என்பாள். பதினைந்து வருஷத்தில் சவுரியம்மாள் தனியாக ஒரு தெரு தாண்டியது கிடையாது.

அப்படியிருந்தும் ஜான்சன் அவள் வாழ்க்கைக்குள் வந்துவிட்டார். தையல் மிஷின் ரிப்பேர் பார்க்க வருகிறவர், பெண்சாதியைப் பறிகொடுத்தவர், அதே பங்குக் கோவில். மிஷினைச் சரிபண்ணிவிட்டு, ஓட்டிப் பாரும்மா என்பார். அவள் ஓட்டிப் பார்த்து, இப்ப பரவாயில்லை என்பாள். இந்த இரண்டு பேச்சிலேயே மூன்று வருஷம் ஓடியிருந்தது. பையனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவன் சென்னைப் பக்கம் வேலையில் இருந்தான். உன் இஷ்டம்மா என்று சொல்லிவிட்டான்.

எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் கல்யாணம் என்றால் முதலில் இருவரும் சாமியாரிடம் போய்ப் பெயர் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் மூன்று ஞாயிறு பூசையில் அந்தப் பெயர்களை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். அதை ஓலை என்பார்கள். மூன்று ஓலை முடிந்தால்தான் தாலி. தவக்காலம் தொடங்கிவிட்டால் பாஸ்கு, அதாவது ஈஸ்டர், வரைக்கும் கல்யாணம் கிடையாது. ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் அவள் போகவில்லை. ஒரு தடவை மாமியாருக்குக் காய்ச்சல். இன்னொரு தடவை மேகலா கூடவே கிளம்பிவிட்டாள். ஜான்சன் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த வாட்டியும் நீ வரலன்னா அப்புறம் உன்னை நான் பேஜார் பண்ண மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அவர் கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இந்த வாட்டி என்பது ஒரு சனிக்கிழமை. அடுத்து வரும் மூன்று ஞாயிறையும் விட்டால் தவக்காலம். சாமியார் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். ஐந்தரைக்கு அவர் கிளைக் கிராமத்துப் பூசைக்குப் போயாக வேண்டும். மேகலாவுக்கு அன்று ஆறு மணி வரை ஓவர்டைம். பல் டாக்டரைப் பார்க்கணும் என்று சாம்பிள் ரூம் மாஸ்டர் சர்தார் பாஷாவிடம் பொய் சொல்லி, சவுரியம்மாள் நாலு மணிக்குப் பர்மிஷன் வாங்கியிருந்தாள். அந்தப் பொய்க்காக முந்தின நாளே மாதாவிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

அந்த மாசம் சாம்பிள் ரூமில் செருப்பு வேலை இல்லை. வெளிநாட்டில் எடுக்கிற ஏதோ ஒரு தொடருக்கு உடுப்பு ஆர்டர் வந்திருந்தது. டிராகன் வம்சத்தில் பிறந்த வெர்காத் குலம் என்று ஒரு கற்பனை ஜனம். அந்தக் குலத்து மணப்பெண்ணுக்குத் தோல் உடுப்பு. கழுத்திலிருந்து முழங்கால் வரை முந்நூற்று நாற்பது செதில், ஓடு வேய்ந்தமாதிரி ஒன்றன்மேல் ஒன்று. மேலே கரும்பச்சை, கீழே வரவரத் தணல் நிறம். உடுப்போடு அந்த ஜனத்தின் பழக்கவழக்கமும் நாலு பக்கத்துக்கு எழுதி வந்திருந்தது. ஆபீஸ் பையன் தவ்ஃபீக் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

உடுப்பு முதுகுப் பக்கம் திறந்திருக்கும். ஏழு பெண்கள் சேர்ந்து ஒரே வாரால் அதை இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு முடிச்சுப் போடுவார்கள். மாப்பிள்ளை தன் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்புக் கங்கு கொண்டுவர வேண்டும். பெண்ணின் தாய் அந்தக் கங்கால் ஒரு செதிலில் சூடு வைப்பாள். அதுவரை பெண் உட்காரக் கூடாது. அப்புறம் மாப்பிள்ளை அந்த ஏழு முடிச்சையும் அவிழ்க்க வேண்டும், கையால் அல்ல, பல்லால்.

"அப்ப பல்லு செட்டு மாட்டுனவனுக்கு அந்த ஊர்ல பொண்ணு கெடையாதா?" என்றாள் அம்பரீன். அவள்தான் அந்த ரூமில் வாய்க்காரி.

மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹராக என்ன கொடுப்பான் என்று கேட்டாள் ஹலீமா பீ. அங்கே எல்லோருக்கும் மூத்த தையல்காரி. அந்தக் கங்குதான் என்றான் தவ்ஃபீக். நெருப்பை வாங்கி எந்த பேங்கில் போடுவது என்று அவள் முனகினாள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சமாச்சாரம் இருந்தது. அந்தக் குலத்தில் புருஷனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொண்டால், அதே உடுப்பைத்தான் போடுவாள். ஆனால் தோலின் உள்பக்கம் வெளியே தெரிகிறமாதிரி, மெதுவான பக்கமாக. திறப்பும் முன்னால் இருக்கும். ஏழு பெண்கள் வரமாட்டார்கள். அவளே கட்டிக்கொள்வாள், அவளே அவிழ்த்துக்கொள்வாள்.

"அத இன்னொரு வாட்டி படி தம்பி" என்றாள் சவுரியம்மாள். ஏன் என்று அம்பரீன் கேட்டதற்கு, உள்பக்கம் வெளியே வந்தால் தையல் எப்படிப் போடுவது என்று யோசித்தேன் என்று சமாளித்தாள்.

கால் பொருந்தியதுபோல உடம்பளவும் பொருந்தியது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவளையே உடுப்புக்குள் நிற்க வைத்தார்கள். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, ஏழு மணிக் கூரியரில் உடுப்பையும் அனுப்ப வேண்டும். அவள் மூன்று மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

தப்பு அவளுடையதுதான். மொக்காசின் ஷூவுக்குக் கையால் முன்பக்கம் சுருக்கித் தைக்கிறவர்கள் தோலையும் வாரையும் ஈரப்படுத்திக்கொண்டுதான் தைப்பார்கள். அப்போதுதான் இழுவை கொடுக்கும். இருபது வருஷப் பழக்கம். காலையில் அந்த வாரையும் எடுத்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டாள். ஆனால் இவர்கள் கேட்டிருந்தது பதப்படுத்தாத பச்சைத்தோல் வார். பாஷா இருந்திருந்தால் தடுத்திருப்பார். அவர் தோல் பார்க்க, பதனிடுகிற டேனரிக்குப் போயிருந்தார். ஈர வாரைப் பெண்கள் சிரித்துக்கொண்டே இழுத்துக் கட்டினார்கள். தவ்ஃபீக் மூன்று பெரிய லைட்டைப் போட்டு ஒரு மணி நேரம் படம் எடுத்தான். அந்தச் சூட்டில் வார் காய்ந்தது. காயக் காயச் சுருங்கியது.

முதலில் யாரோ பின்னாலிருந்து அணைத்துக்கொண்டதுபோல இருந்தது. பிறகு அந்தக் கை தளரவே இல்லை. மூச்சு கழுத்தெலும்பு வரை வந்து நின்றது. முழங்கைக்கு மேல் கையை அசைக்க முடியவில்லை. உட்காரப் போனால் செதில் தொடையில் ஏறியது. தோல் வாடையும் தன் வேர்வையும் கழுத்துப் பட்டையின் வழியே மூக்குக்கு வந்தன. அருள்நிறை மந்திரம் சொல்லிப் பார்த்தாள். ஒரே மூச்சில் சொல்கிற மந்திரம் நாலு மூச்சாக உடைந்தது.

மூன்றரைக்குப் பாஷா வந்தார். வாரை விரலால் தட்டினார். டங் என்றது.

"இத நனைச்சது யாரு?"

"நான்தான் பாய்."

"பச்சத்தோல்மா இது. மேளத்துக்குக் கட்டறது. ஈரத்துல கட்டுனா காஞ்சதும் இரும்பாட்டம் புடிச்சிக்கும்."

அறுத்துவிடலாம் என்றால் அது ஒரே தோலைச் சுற்றிச் சுற்றி அறுத்த ஒன்பது மீட்டர் வார், இதற்கு மாற்று வார் கிடையாது. தண்ணீர் ஊற்றலாம் என்றால் செதிலெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும். ஒரே வழிதான் இருந்தது. ஈரத்துணியை முடிச்சின்மேல் மட்டும் வைத்து, இளகின பிறகு குத்தூசியால் நெம்புவது. ஹலீமா பீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நாலரை மணிக்கு இரண்டு முடிச்சு அவிழ்ந்திருந்தது. மீதி ஐந்து.

அறுத்துவிடுங்கள் பாய் என்று சவுரியம்மாள் கெஞ்சினாள். பல் டாக்டரை நாளைக்குப் பார்க்கலாமே என்றார் அவர். நாளைக்கு ஆகாது என்றாள். ஏன் ஆகாது என்று அவர் கேட்டதற்கு அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேகலா உள்ளே வந்தாள். அண்ணி மாட்டிக்கொண்டாள் என்று பேக்கிங் வரைக்கும் செய்தி போயிருந்தது. வந்தவள் முந்தானையால் அண்ணியின் நெற்றியைத் துடைத்தாள். பாட்டிலில் ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

"பல்லு வலிக்குதா அண்ணி? எங்கிட்ட சொல்லவே இல்ல."

உடுப்பு இறுக்கியது ஒரு பங்கு என்றால், அந்தத் தண்ணீர் அவளை இன்னொரு பங்கு இறுக்கியது. இப்போது பேசாமல் நின்றால் போதும். மணி ஐந்து ஆகும், ஐந்தரை ஆகும். முந்தின இரண்டு தடவை போலவே மூன்றாவது தடவையும் தானாகவே நடந்துவிடும். அவள் மேல் பழியே இருக்காது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது.

"பல்லு வலி இல்ல" என்றாள். நிறுத்தி மூச்சு எடுத்தாள். "அஞ்சு மணிக்கு சாமியார் வூட்டுக்குப் போவணும். எனக்கும் ஜான்சனுக்கும் ஓலை எழுத."

குத்தூசி நின்றது. 

மேகலா பாட்டிலை மெதுவாக மூடினாள். அண்ணன் போட்டோ வீட்டில் மாட்டித்தானே இருக்கிறது என்றாள். அம்மாவை யார் பார்ப்பது, நான் ஒருத்தியா என்றாள். எத்தனை நாளாக நடக்கிறது இது என்றாள். கடைசியில் கத்தியேவிட்டாள்.

"போ. இப்படியே போயி நில்லு. பொண்ணா பூதமான்னு சாமியாரே பாத்து சொல்லட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சவுரியம்மாள் அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"பாய், வண்டி இருக்குதா?"

பாஷா தாடியைத் தடவினார். முப்பது வருஷ சர்வீசில் ஒரு சாம்பிளும் கேட் பாஸ் இல்லாமல் அவர் கையை விட்டு வெளியே போனதில்லை. சீட்டை எடுத்து, தோல் உடுப்பு ஒன்று, உள்ளே ஆள் ஒன்று என்று எழுதினார். திரும்பி வர வேண்டியதா என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, உடுப்பு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அட்டைப்பெட்டி ஏற்றுகிற சின்ன வண்டி அது. உட்கார முடியாதவளைப் பின்னால் கம்பியைப் பிடித்து நிற்க வைத்தார்கள். அம்பரீன் தன் துப்பட்டாவை அவள் தலையில் போட்டாள். ஹலீமா பீ ஸ்டூலோடு பின்னால் ஏறி, வண்டி குலுங்காத நேரமெல்லாம் முடிச்சை நெம்பினாள். பிரியாணிக் கடை வாசலில் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூட மறந்து பார்த்தார்கள். தெரு முழுக்கத் தெரிந்த முகம். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தாள். மூடினால் மூச்சு இன்னும் முட்டியது. அதனால் திறந்தே வைத்துக்கொண்டாள்.

சாமியார் வீட்டுப் படியில் ஜான்சன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மணி ஐந்து பத்து. தலை முதல் கால் வரை அவளைப் பார்த்தார்.

"வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான். கையைப் பிடித்து இறக்கினார்.

சாமியார் சின்ன வயசுக்காரர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பாஷா கதையைச் சுருக்கமாகச் சொன்னார். சிரிப்பு வந்திருக்கும்; ஆனால் அவர் சிரிக்கவில்லை. முறைப்படி இருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று ஜான்சனை வெளியே அனுப்பினார். ஹலீமா பீயும் கதவுக்கு வெளியே போய் நின்றாள்.

பெயர், வயசு, ஞானஸ்நானம், முதல் புருஷன் இறந்த வருஷம் எல்லாம் எழுதினார். பிறகு கேட்டார்.

"யாராவது கட்டாயப்படுத்தி இங்க வந்தியாம்மா?"

"இல்ல சாமி."

"என் சொந்த விருப்பத்துலதான் வந்தேன்னு முழுசா சொல்லணும்."

அவள் மூச்சை இழுத்தாள். செதில்கள் கிறீச்சிட்டன. சொந்த என்றாள். நின்றாள். விருப்பத்துல என்றாள். மிச்சத்தைச் சொல்ல இன்னொரு மூச்சு வேண்டியிருந்தது. சாமியார் பேனாவைப் பிடித்தபடி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

குனிய முடியாததால் ஜான்சன் உள்ளே வந்து ரிஜிஸ்டரை அவள் மார்பு உயரத்துக்கு ஏந்திப் பிடித்தார். அவள் மணிக்கட்டை மட்டும் அசைத்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். நாளைக்கு முதல் ஓலை என்றார் சாமியார்.

வெளியே தாழ்வாரத்தில் ஹலீமா பீ நாலாவது முடிச்சில் இருந்தபோது சவுரியம்மாளின் போன் அடித்தது. ஜான்சன் எடுத்து அவள் காதில் வைத்தார். மேகலா.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

 அந்தப் பக்கம் மாமியார் இருமுவது கேட்டது. ஓவர்டைமை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"அம்மாவுக்கு ராத்திரி மாத்திர எது? செவப்பா, வெள்ளையா?"

"வெள்ள. சாப்ட்ட அப்புறம் குடு" என்றாள் சவுரியம்மாள். "பாதியா ஒடச்சிக் குடு மேகலா, முழுசு தொண்டையில இறங்காது."

சரி என்ற ஒரு சொல் வந்து போன் வைக்கப்பட்டது. கூரியருக்கு நேரமாகிறது என்று பாஷா வண்டிக்குள்ளிருந்து ஹாரன் அடித்தார். இன்னும் மூன்று முடிச்சு இருந்தது. ஜான்சனும் ஹலீமா பீயும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அவள் மெதுவாக வண்டியில் ஏறி நின்றாள்.