உட்கார்ந்த அண்ணனும் நின்ற தம்பியும்

1. மாலை

“யாரைக் கேட்டு எங்கண்ணனுக்கு மாலை போட்டீரு?”

ராஜபாளையத்தில் என் ஸ்டுடியோ கவுண்டரில் கைத்தடியால் தட்டிக் கேட்டவர் சுப்பையா. தொண்ணூறைத் தாண்டியவர். குரலுக்கு மட்டும் முப்பது வயது. பின்னால் அவர் மகன் கணேசன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாலை போடச் சொன்னதே அவர்தான்.

“அண்ணாச்சி, பெரியப்பா படம். வில்லிபுத்தூர்ல புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு மாட்டணும். மாலை போட்டு நல்லாச் செஞ்சிருங்க” என்று முதல் நாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். விமானப்படை யூனிஃபார்மில் ஒரு வாலிபர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தொழிலில் இதற்கு மேல் யோசிக்க மாட்டோம். கீறல், கறை நீக்கி டச்சிங் முடித்து, நெற்றியில் பொட்டு, கழுத்தில் ரோஜா மாலை, கீழே இரண்டு குத்துவிளக்கு. எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும்.

உலகப் போரில் குண்டு போடும் விமானத்தில், பின்னால் உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கிற வேலையாம் அந்த அண்ணன் வேலுச்சாமிக்கு. பர்மா பக்கம் போன விமானம் திரும்பவில்லை.

“செத்துட்டாருன்னு எவன் சொன்னான்? காணலைன்னுதான் தந்தி வந்துச்சு” என்றார் சுப்பையா.

“அப்பா, உசிரோட இருந்தாலும் அவியளுக்கு இப்ப நூறு தாண்டியிருக்கும்லா?” என்றார் கணேசன்.

“எனக்குந்தான் தொண்ணூறு தாண்டிருச்சு. எனக்கும் மாலை போடுதியாலே?”

கணேசன் மறுபடி மின்விசிறிக்குப் போய்விட்டார்.

பெரியவர் தணிந்தார். “எங்கம்மா கடைசி வரைக்கும் அவருக்குத் திதி குடுக்க விடல. ஒரு பூ வைக்க விடல. நான் போன பொறவு நீயும் வச்சுராதலேன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா. அவரைப் பாத்த ஆளுன்னு இனி நான் ஒருத்தந்தான் இருக்கேன். நானே அவரை முடிச்சு வைக்கவா?”

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து மாலையை எடுத்தேன். பொட்டும் விளக்கும் தாமாகவே கிளம்பிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. நாற்காலி

சும்மாப் போயிருந்தால் சுப்பையா இல்லையே. “நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு படம் எடுத்ததில்ல. அவரு போகையில நான் டவுசர் போட்ட பய. என்னையும் பக்கத்துல சேத்துரும்” என்றார்.

சேர்ப்பது லேசான வேலை. ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன்.

“அண்ணன் உக்காந்திருக்காரு. நான் சமமா உக்காரவா? தம்பின்னா பக்கத்துல நிக்கணும்யா.”

“ஐயா, உங்களால நிக்க முடியாது.”

“அதைச் சொல்ல நீரு யாரு?”

வெறும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் தந்தியடித்தது. கணேசன் பின்னால் குத்துக்காலிட்டு, அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு காது, இந்தப் பக்கம் ஒரு முழங்கை தெரிந்தது. பிறகு படத்திலிருந்து கணேசனைத் துண்டு துண்டாக அழித்து, வெறும் நாற்காலி இருந்த இடத்தில் அண்ணனை உட்கார வைத்தேன்.

பிரிண்ட் போட்டு ஷோகேஸில் வைத்திருந்தபோது பார்த்தவர்களெல்லாம், “பேரன் உக்காந்திருக்கான், தாத்தா நிக்காரு. என்ன பிள்ளை வளத்தாகளோ” என்றார்கள். உட்கார்ந்திருப்பவர்தான் மூத்தவர் என்று விளக்கி விளக்கி என் வாய் ஓய்ந்தது. சுப்பையாவிடம் சொன்னேன். பல் இல்லாத வாயால் சிரித்தார்.

3. மறுவருஷம்

கணேசன் மொட்டைத் தலையோடு வந்தார். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டாராம். “தனியாப் படம் வேணாம் அண்ணாச்சி. அண்ணனோட நிக்குற அதே படத்துல மாலை போட்டுக் குடுங்க” என்றார்.

இந்த முறை கேட்டேன். “ரெண்டு பேருக்குமா?”

கணேசன் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு முன் மாலை போடச் சொன்னவர்.

“அப்பாவுக்கு மட்டும் போடுங்க” என்றார். “பெரியப்பா காணாமத்தான போயிருக்காக.”

ஸ்டுடியோ தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். டச்சிங் எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் படம் எவ்வளவு பழையது என்று பார்த்து மாலை போடாதீர்கள். அந்த வீட்டில் இன்னும் யாராவது அவருக்காகக் காத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.