பக்கத்து வீடு இல்லாத தீவு

எங்கள் வீட்டுப் பின்கதவருகே அம்மாவின் செருப்பு எப்போதும் வெளியே பார்த்தபடிதான் கிடக்கும். அப்பா கையை ஓங்கினால் காலை நுழைத்துக்கொண்டு ஓட வசதி. பின்வீட்டு அத்தை படுக்கப் போகும்வரை தன் கதவைத் தாழ்போட மாட்டார். ஏன் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. பாகூர்ப் பக்கம் கரும்பு போட்டு நாலு பேர் மதிக்க வாழ்கிறவர் அப்பா. கேட்டால் அவர் மரியாதை என்னாவது!

நான் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள். ‘பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்’ என்று கன்னம் வீங்கி வரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்துப் பாத்ரூம்களுக்கு மட்டும் ஐந்து விரல் முளைத்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கச்சி வீடியோ காலில் வந்தாள். அவள் பிள்ளைகளின் பள்ளி லீவுக்கு எங்கள் மூவரையும் அங்கே வரவழைத்து, எல்லோருமாக ஒரு குட்டித் தீவில் தங்குவது என்று திட்டம். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். வெள்ளை மணல், சுற்றிலும் கடல், ஒற்றையாக ஒரு மரவீடு. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டியோடு போட்டில் ஏற விடுவார்களா என்று கேட்டுச் சிரித்தார்.

அம்மா வேறொன்றைக் கேட்டாள்.

“பக்கத்து வூடு எவ்ளோ தூரம்டி?”

“பக்கத்து வூடே கெடையாதும்மா! அதுக்காகத்தான் அந்த எடத்தப் புடிச்சேன்.”

“இந்தாண்ட கரைக்கு வரணும்னா?”

“காலைல ஒரு போட்டு, சாயங்காலம் ஒரு போட்டு. ராத்திரில ஒண்ணும் வராது.”

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “நான் வர்ல. நீங்க போய்ட்டு வாங்க.”

எனக்கு உடனே புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போனது.

“இன்னாடி வர்ல? மாப்ள இன்னா நெனப்பாரு? என்ன அசிங்கப்படுத்துறியா?”

சொம்பை எடுத்து அம்மா முகத்தில் வீசினார். புருவம் கிழிந்தது. போன் மல்லாந்து விழுந்தது. அதன்பிறகு தங்கச்சிக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு ஃபேன் மட்டும்தான். சத்தம் மட்டும் கேட்டிருக்கும். அம்மா பின்கதவுக்கு ஓடினாள். அப்பா கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். ஒரு தரம், மறுபடியும் ஒரு தரம். “அக்கா, இன்னாக்கா ஆச்சு?” என்று தரையிலிருந்து போன் அலறியது.

நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அப்பாவின் தலையில் இறக்கினேன். கால் ஒன்று உடைந்து பறந்தது, நாற்காலிக் கால். அவர் கை தளர்ந்தது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அப்பா நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் தொட்டு, யாருடையது என்று தெரியாதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னொரு தடவை அடிக்கலாமா என்றுதான் இருந்தது.

போனை எடுத்தேன். தங்கச்சி விம்மிக்கொண்டிருந்தாள். “வயசாயிட்டுதே, அடங்கியிருப்பாருன்னு நெனச்சேன்க்கா.”

“அடங்கலடி,” என்றேன்.

மறுநாள் அப்பா தலையில் கட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வந்து விசாரித்தவர்களிடமெல்லாம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

புருவத்தில் தையலோடு அம்மா அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தபோது தங்கச்சி மறுபடி கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“அந்தத் தீவே வேணாம்மா, கேன்சல் பண்ணிட்றேன். நீயும் அக்காவும் மட்டும் எங்க வூட்டுக்கே வந்துடுங்க. இங்க ரெண்டு பக்கமும் வூடு இருக்குது.”

“உங்கப்பா வர்லயா?”

“அவர நான் கூப்புடல.”

அம்மா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

“அப்டின்னா தீவுக்கே போலாம்டி. அவரு வர்லன்னா எனக்கு எதுக்குப் பக்கத்து வூடு?”