இருபத்து மூன்றாவது பெயர்

நான் எதையும் கூட்டி எழுதுகிறவள் இல்லை. பார்த்த நேரத்தையும் கேட்ட சத்தத்தையும் அன்றன்றே கொப்பியில் குறித்து வைப்பவள். அப்படியும் இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நடந்தது இதுதான். வேறு எப்படி எழுதினாலும் பொய்யாகிறது.

கண்டியில் மாலை வகுப்பில் ஊர் வரலாறு படிக்கிறேன். அவரவர் ஊரின் ஞாபகங்களைத் திரட்டச் சொன்னார்கள். பன்வில நகரத்துக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தை எடுத்தேன். 1957இல் மண் சரிந்து புதைந்துபோன ஏழாம் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். செத்தவர்கள் இருபத்து மூன்று பேர் என்பது தோட்டத்துப் பேச்சு. பெயர்ப் பட்டியலைக் கல் வெட்டுபவரிடம் கொடுப்பது என் பொறுப்பு. ஒரு பெயர் விடுபட்டால் அந்த ஆள் இரண்டாம் முறையும் புதைந்த மாதிரி. அந்தப் பயம் எனக்கு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் 5.40. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பம் அக்கா, பழைய பெரட்டுக் கொட்டகையைத் திறந்துவிட்டார். முன்பு விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்ட இடம் அது. உள்ளே அலுமாரியில் ஏழாம் லயத்தின் பெயர்ப் புத்தகம் இருந்தது. பென்சில் எழுத்து மங்கி, போன் படத்தில் விழவில்லை. வாசித்துக் குரலாகப் பதிவு செய்யலாமென்று, வெளிச்சத்துக்காக முன்களத்துக்கு வந்தேன்.

"இங்கன நின்னு பேர் கூப்பிடாத புள்ள."

"ஏன் அக்கா, செத்தவங்க வந்து லீவு கேப்பாங்களா?"

"சிரி, சிரி. கூப்பிட்டா நீதான் கலைச்சி விடணும். பேர் கூப்பிடுற கணக்கப்புள்ள 'போங்க'ன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தனும் அசையமாட்டான்."

5.52. "மாரிமுத்து" என்றேன்.

சளக்.

சேற்றில் வெறுங்கால் வைத்த சத்தம். ஒன்பது நாளாக மழையே இல்லை. தவளையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"காத்தாயி."

சளக்... கொஞ்சம் இடப்பக்கமாக.

பெயருக்கு ஒரு சத்தம். வரிசை நீண்டுகொண்டே போனது. நிறுத்த நினைத்தேன். நிறுத்தினால் பட்டியல்? கண்ணை நிமிர்த்தாமல் வாசித்தேன்.

இருபத்திரண்டு.

கடைசி வரி செல்லரித்திருந்தது. ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை.

ஈர மண் வாடை...

என்னைச் சுற்றிலும், அசையாமல், காத்திருக்கிறார்கள்...

"ஷிராணி! போகச் சொல்லு!" வாசலில் இருந்து புஷ்பம் அக்கா கத்தினார்.



போகச் சொல்லாமலே ஓடினேன்.

7.30க்கு வீட்டில் பதிவைக் கேட்டேன். இருபத்திரண்டு பெயர். இருபத்திரண்டு சளக். பிறகு, மணி 6.04 ஆகியிருக்க வேண்டிய இடத்தில், தெளிவாக, என் குரல்:

"அஞ்சலை."

அந்தப் பெயரை நான் வாசிக்கவில்லை. கேள்விப்பட்டதும் இல்லை. அதற்குப் பிறகு சத்தம் எதுவும் இல்லை.

வாசித்துவிட்டு மறந்தேனா? என்னையே நம்ப முடியவில்லை. ஆனால் பட்டியல் முழுமையாகிவிட்டது. அன்றிரவே கல் வெட்டுபவருக்கு அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை 8.15க்குப் புஷ்பம் அக்கா வந்தார்.

"கம்பளையில ஒரு வயசான அம்மா செத்துட்டாங்களாம். மகன் போன் பண்ணுனாரு. இங்கதான் பொதைக்கணும்னு கேட்டிருந்தாங்களாம். ஏழாம் லயத்து ஆளாம் புள்ள! மண்ணு சரிஞ்ச அன்னைக்கு சித்தி வூட்டுக்குப் போயிருந்ததால தப்பிச்சவங்க. எங்களுக்கே இப்பத்தான் தெரியும்."

"பேரு?"

"அஞ்சலை. நேத்து பின்னேரம் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தாங்களாம். திடீர்னு எழும்பி நேரா நின்னு, 'இருக்கேங்க'ன்னாங்களாம். அப்படியே விழுந்துட்டாங்க."

"எத்தன மணிக்கு?"

"ஆறு தாண்டி நாலஞ்சு நிமிசம்."

அவர் போன பிறகு பதிவைத் திரும்பப் போட்டேன்.

"அஞ்சலை."

சளக்.

அன்று பின்னேரமே களத்தில் போய் நின்றேன். "போங்க" என்றேன். மூன்று தடவை, சத்தமாக.

திரும்பிப் போகும் காலடி ஒன்றுகூடக் கேட்கவில்லை.