உப்புப் பூத்த தோணி

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விதிமுறைகள் ஓய்வு பெறவில்லை. ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாக இருந்தவள், இப்போது உப்புவெளி வீட்டுக் குசினியில் இருந்தபடி, தனியறையில் கிடக்கும் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்கிறேன். துணி கூடாது, பஞ்சு கூடாது, நூல் கூடாது. கிருமி ஒளிந்திருக்க ஒரு துவாரம்கூடக் கூடாது. மழைக்கோட்டுப் பிளாஸ்டிக்கை வெட்டி, ஓரங்களைச் சூட்டில் ஒட்டிக் கைப்பாவைகள் செய்வேன். அவற்றுக்கு எல்லாப் பாதுகாப்பும் உண்டு, முகம் மட்டும் இல்லை. பிள்ளைகள் பெருந்தன்மையாக வாங்கிக்கொள்வார்கள்.

மூதூர்ப் பையன் அப்படியல்ல. இரத்தப் புற்றுநோய், மருந்து ஏற்றியதில் எதிர்ப்புச் சக்தி அடியோடு போயிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் படுத்திருந்தவன் என் குரங்குப் பாவையைப் பார்த்து, "இது என்ன, கத்தரிக்காயா?" என்றான். அவனுடைய தகப்பன் மீன்பிடிக்கிறவர். அவனுக்கு வாப்பாவுடையதைப் போல ஒரு தோணி வேண்டுமாம்.

"தண்ணியில விட ஏலாது மகன். அறைக்குள்ள தண்ணி தேங்கக் கூடாது."

"அப்ப கட்டில்ல விடுறன்."

மீன் வெட்டும் புதுப் பிளாஸ்டிக் பலகை ஒன்றைச் செதுக்கி, ஓரங்களை அராவி, ஒரு தோணி செய்தேன். கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, உலர்த்தி, பொலித்தீன் உறையில் இட்டு ஒட்டினேன். தகப்பன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டார்.

"நாளைக்குப் பார்க்க வரக்குள்ள கொண்டு வாங்க, வாட்டு வாசல்ல நான் நிப்பன். உறையைப் பிரிக்க வேண்டாம்."

"சரி மிஸி."

மறுநாள் வாட்டு வாசலில் உறையைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. நான் ஒட்டினால் நேர்க்கோடாக இருக்கும். இது பெட்டிக்கடைக் கடலைப் பை மாதிரி, மெழுகுவர்த்திச் சுடரில் பிடித்து அலையலையாக ஒட்டியது. உள்ளே தோணியின் அடியில் உப்புப் பூத்திருந்தது.

"பிரிச்சீங்களா?"

"ஒருக்காத்தான் மிஸி. விடியச் சுபஹு தொழுதிட்டு, கடல்ல இறக்கி, பாத்திஹா ஓதி எடுத்தன். புதுத் தோணிய கடல்ல இறக்காம ஆரும் குடுப்பாங்களா?"

"அந்தத் தண்ணியில எவ்வளவு கிருமி இருக்கெண்டு தெரியுமா?"

"நாங்க அதுக்குள்ளதானே மிஸி கிடக்கிறம்."

பையன் கண்ணாடி வழியாக உறையைக் கண்டுவிட்டான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான். நான் இல்லையென்று தலையசைத்தேன். தகப்பன் அவன் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி சுத்தம் செய்து நாளைக்குத் தருகிறேன் என்றேன். நீட்டிய கைகளை அவன் உடனே மடக்கவில்லை.

அன்று மாலையே காய்ச்சல் ஏறியது. மறுநாள் நான் தோணியோடு போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது, அறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய குடலில் இருந்த கிருமியே இரத்தத்தில் கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். வெளியிலிருந்து எதையும் நாங்கள் உள்ளே விடவில்லை. நான் செய்தது சரி. இன்னொரு பிள்ளை கை நீட்டினாலும் அதைத்தான் செய்வேன். சரியா என்று என்னிடம் யாரும் கேட்கவுமில்லை.

சில நாட்கள் கழித்துத் தகப்பன் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. தோணியை எடுத்துக் கொடுத்தேன். புது உறை, நேரான ஒட்டு. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிப் பிரிக்கலாமா மிஸி?"

"ஓம். இனிப் பிரிக்கலாம்."

அவர் அங்கே பிரிக்கவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.